குடம் வரிசையில் நிற்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

உங்கள் அலுவலகத்தில் ஓடுகிற பழைய நிரல்களைப் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்து. அது எதிர்பார்த்ததுதான். துறைமுகத்தை நம்பி மணலியிலும் மாதவரத்திலும் திருவொற்றியூரிலும் எத்தனை கன்டெய்னர் கிடங்குகள்! தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மாடிக்கு மாடி கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள். அவற்றின் பின்னறைகளில் ஓடும் நிரல்கள் பல, அவற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவை.

நானும் அந்தப் பின்னறையில் வளர்ந்தவள். 1991-ல் பாரிமுனையில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன். கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ, கொஞ்சம் கோபோல் என்று அந்தக் கால நிரல் மொழிகளைப் பழகி, பிறகு இருபது வருடத்துக்கும் மேல் மெசேஜ் கியூ வேலையே (ஒரு நிரலின் தகவலை வரிசையில் வைத்து இன்னொரு நிரலுக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது) என் வேலையாகிவிட்டது. அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டிருக்கிறேன்.

அக்கா, மணலியில் ஒரு சிஎஃப்எஸ்-ஸில் (கன்டெய்னர் கிடங்கு) ஐடி வேலை. நான் ஒருவன்தான் மொத்த ஐடியும். கேட் இன், கேட் அவுட் (கன்டெய்னர் பெட்டி உள்ளே வருவது, வெளியே போவது), கிரவுண்ட் ரென்ட் பில் (பெட்டி நிற்கும் இடத்துக்கு வாடகை) எல்லாம் 1998-ல் எழுதிய ஃபாக்ஸ்புரோவில் ஓடுகிறது. எழுதியவர் காலமாகிவிட்டார். பெட்டி எங்கே இருக்கிறது என்று கஸ்டமர் பார்ப்பதற்காக இரண்டு வருடம் முன்பு ஒரு வெப்சைட் போட்டு, நேராக அந்த ஃபைல்களோடு இணைத்தோம். அன்றிலிருந்து காலை பத்து மணி ஆனால் கேட் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது, ட்ரெய்லர்கள் ரோடு வரை நிற்கின்றன. பழசை மொத்தமாகத் தூக்கிவிட்டு தீபாவளி லீவில் புதுசுக்கு மாறிவிடலாம் என்கிறார் முதலாளி. ஒத்துக்கொள்ளலாமா?
– மணலி வாசகர்

ஒத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 1998-லிருந்து ஓடிய நிரல் இரண்டு வருடமாகத்தான் ஹேங் ஆகிறது. ஃபாக்ஸ்புரோவில் தகவலைத் தேடி எடுத்துக் கொடுக்கத் தனி சர்வர் கிடையாது. தேடுகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஃபைலின் துண்டுகளை நெட்வொர்க்கில் இழுத்துத் தானே படிக்கும். கேட்டில் எழுதுகிறவர் பதிவைப் பூட்டுவார், சில நிரல்களில் ஃபைலையே பூட்டுவார்கள். நாலு பேர் இருக்கிற அலுவலகத்துக்காகக் கட்டிய வாசல் அது. காலை பத்து மணிக்கு ஊரில் உள்ள கஸ்டமர் எல்லோரும் அந்த வாசலிலேயே வந்து நின்றால் கேட் கிளார்க் எங்கே நுழைவார்? ஒருவர் வேலை முடியும்வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் உங்கள் வியாதி. அதை முதலில் அறுங்கள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்த காலம் நினைவுக்கு வருகிறது. லாரி எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. இருட்டு பிரியும் முன்பே அம்மா போய்க் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வருவார். பச்சைப் பிளாஸ்டிக் குடம், கழுத்தில் சிவப்பு ரிப்பன். அம்மாவுக்குப் பதிலாகக் குடம் அங்கே நிற்கும். அம்மா இங்கே உலை வைப்பார், எங்களுக்குத் தலை வாரிவிடுவார். லாரியின் குழாய் அதற்காக வேகமாகக் கொட்டியதில்லை. அதே லாரி, அதே தண்ணீர். ஆனால் தெருவில் அத்தனை பெண்களின் கையும் விடுபட்டது. ஆளே நிற்கவேண்டும் என்றிருந்தால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

மெசேஜ் கியூ செய்வது இந்த வேலையைத்தான். அனுப்புகிறவர் தகவலை வரிசையில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுகிறார். எடுத்துக்கொள்கிறவர் தன் வேகத்தில் ஒவ்வொன்றாக எடுக்கிறார். எடுக்கிற கம்ப்யூட்டர் அரை மணி நேரம் படுத்துவிட்டாலும் அனுப்பியவருக்கு அது தெரியவேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து இந்த வரிசையைக் காப்பாற்றுகிற மென்பொருளுக்குத்தான் மிடில்வேர் என்று பெயர்.

உங்கள் இடத்தில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். ஃபாக்ஸ்புரோவில் புதிதாக ஒரே ஒரு டேபிள் சேருங்கள். கேட் இன் பதிவு சேமிக்கிற இடத்தைக் கோடில் கண்டுபிடித்து, அதன் அடியில் "இன்ன பெட்டி, இன்ன நேரம், உள்ளே வந்தது" என்று அந்த டேபிளிலும் ஒரு வரி எழுத வையுங்கள். பழைய நிரலில் நீங்கள் கை வைக்கிற இடம் அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு சின்ன நிரல் சில விநாடிக்கு ஒரு தடவை அந்த டேபிளைப் பார்த்து, புதிய வரிகளைக் கியூவில் போடட்டும். கியூ "வாங்கிக்கொண்டேன்" என்று பதில் சொன்ன பிறகுதான் "அனுப்பியாயிற்று" என்று குறிக்கவேண்டும். இந்த வரிசைமுறை முக்கியம். முதலிலேயே குறித்துவிட்டு அனுப்பினால், நடுவில் கரண்ட் போகும்போது அந்தப் பெட்டி எங்கேயும் இல்லாமல் போய்விடும்.

அந்தப் பக்கம் ஒரு நிரல் கியூவிலிருந்து எடுத்து, போஸ்ட்கிரஸ் போன்ற ஒரு புதிய டேட்டாபேஸில் எழுதட்டும். வெப்சைட் இனிமேல் அதை மட்டும் பார்க்கட்டும். நாளைக்கு ஷிப்பிங் லைன்காரர் கோடெகோ மெசேஜ் கேட்டால் (கேட்டில் பெட்டி வந்ததையும் போனதையும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் சொல்லும் இடிஐ வடிவம் அது, உங்களுக்குத் தெரிந்திருக்கும்) அதற்கு இன்னொரு நிரல் எழுதி, அதே தகவலின் இன்னொரு பிரதியை அதற்கும் கொடுங்கள். இத்தனை பேர் தன் தகவலைப் படிக்கிறார்கள் என்பதே ஃபாக்ஸ்புரோவுக்குத் தெரியாது. கேட் பழையபடி ஓடும்.

ஒரு எச்சரிக்கை. புதிய டேட்டாபேஸ் சில விநாடியோ சில நிமிடமோ பின்தங்கி இருக்கும். கஸ்டமர் பார்க்கிற பக்கத்தில் கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பளிச்சென்று போடுங்கள். பெட்டியை வெளியே விடலாமா, கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் ஒருபோதும் இந்தப் பிரதியைக் கேட்காதீர்கள். அதை மூலத்தில்தான் பார்க்கவேண்டும்.

சரி, அப்புறம் பழசை என்ன செய்வது? பழசு நல்லது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004-ல் வந்தது, 2015 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவையும் நிறுத்திவிட்டது. ஒரு டேபிள் ஃபைல் 2 ஜிபி-க்கு மேல் வளரவும் முடியாது. போகத்தான் வேண்டும். எப்படிப் போவது என்பதில்தான் உங்கள் முதலாளியோடு எனக்கு வழக்கு.

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனால், பனையைக் கட்டிப்பிடித்தபடி ஆலோ அரசோ வளர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். பறவை போட்ட விதை மட்டை இடுக்கில் முளைத்து, வேர் கீழே இறங்கும். அந்த வேர் மண்ணைத் தொட்டுக் கெட்டிப்படும்வரை தாங்கி நிற்பது பனைதான். பல வருடம் கழித்துப் பனை போகும், மரம் நிற்கும். ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரி மரங்களைப் பார்த்த மார்ட்டின் ஃபவுலர் என்ற மென்பொருள் எழுத்தாளர், பழைய நிரலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் முறைக்கு 2004-ல் அந்த மரத்தின் பெயரையே வைத்தார். நமக்கு அது பொன்னேரிச் சாலையில் தினம் பார்க்கிற காட்சி.

முதலில் கஸ்டமர் பார்க்கும் பக்கத்தை மாற்றுங்கள். அது நிலைத்த பிறகு ரிப்போர்ட்டுகள். பிறகு பில். கேட் கடைசியில். கடினமானதை முதலில் முடித்துவிடு என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆள் குறைந்த அலுவலகத்துக்கு அது ஆகாது என்பது என் முடிவு. படிக்க மட்டும் செய்கிற வேலை தவறினால் மன்னிப்புக் கேட்கலாம், கேட் தவறினால் எண்ணூர் நெடுஞ்சாலை நின்றுவிடும்.

பில்லுக்கு வரும்போது குறைந்தது இரண்டு மாதம் இரண்டு நிரலும் சேர்ந்து ஓடட்டும். இரண்டு பில்லையும் ரூபாய்க்கு ரூபாய் ஒப்பிடுங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரே ஒரு கஸ்டமருக்கு மட்டும் வாடகை இல்லாத நாட்கள் இரண்டு கூடுதலாக வந்துகொண்டிருந்தன. எந்த ஒப்பந்தத்திலும் அது இல்லை. பழைய கோடில் நாலு வரி இருந்தது. எப்போதோ பெரிய முதலாளி வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்கு அது. இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் வெளியே வந்தது. உங்கள் நிரலை எழுதியவர் இன்று இல்லை, அவர் எழுதி வைத்த வாக்குகள் எத்தனையோ அதற்குள் இருக்கும். நாலு நாள் தீபாவளி லீவில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நாங்கள் வாங்கப்போகிற மென்பொருளில் ஒவ்வொரு மெசேஜும் ஒரே ஒரு தடவைதான் போய்ச் சேரும், இரண்டு தடவை போகவே போகாது என்று விற்பவர் உறுதி சொல்கிறார். நம்பலாமா?
– திருவொற்றியூர் வாசகி

நம்பி உட்காராதீர்கள் அம்மா. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் அடித்த நாள். நான் அப்போது இருந்த இடத்தில் கேட் நிரலும் பில் நிரலும் வெவ்வேறு கட்டடத்தில், நடுவில் கியூ. மத்தியானத்துக்குள் மரங்கள் விழுந்து கேபிள் போனது, கரண்ட் போனது, கடைசியில் யுபிஎஸ்-ஸும் போனது. மின்சாரம் திரும்பி வந்ததும் கியூ தன் கடமையைச் சரியாகவே செய்தது. யாரிடமிருந்தெல்லாம் "வாங்கிக்கொண்டேன்" என்ற பதில் வரவில்லையோ, அந்த மெசேஜ்களை எல்லாம் மறுபடி கொடுத்தது. ஆனால் அவற்றில் பலவற்றைப் பில் நிரல் ஏற்கெனவே வாங்கி, கணக்கில் ஏற்றிவிட்டிருந்தது. பதில் சொல்லுமுன் கரண்ட் போயிருந்தது, அவ்வளவுதான். ஒரே பெட்டிக்கு இரண்டு வாடகை. மண்ணடியிலிருந்து ஒரு பெரியவர் இரண்டு பில்லையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "ஏம்மா, ஒரு பொட்டிக்கு ரெண்டு வாடகையா?" என்று கேட்டார். கோபப்படவில்லை, கேட்டார். மூன்று ராத்திரி உட்கார்ந்து கையால் திருத்தினோம். அந்த நிரலின் வடிவமைப்புக்குப் பொறுப்பு நான்தான். அந்தப் பெரியவரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபால் அனுப்பியிருப்பீர்கள். அட்டை திரும்பி வரவில்லை என்றால் கடிதமே போய்ச் சேரவில்லையா, கடிதம் சேர்ந்து அட்டை மட்டும் தொலைந்ததா? இங்கே உட்கார்ந்துகொண்டு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மறுபடி அனுப்பினால் இரண்டு போகலாம், அனுப்பாவிட்டால் ஒன்றுகூடப் போகாமல் இருக்கலாம். கம்பி வழியாகப் பேசுகிற எந்த இரண்டு கம்ப்யூட்டருக்கும் இதே நிலைதான். காஃப்கா என்ற மெசேஜ் மென்பொருளில் 2017-ல் வந்த 0.11 பதிப்பிலிருந்து "சரியாக ஒரு தடவை" என்ற வசதி இருப்பது உண்மை. ஆனால் காஃப்காவிலிருந்து எடுத்துக் காஃப்காவிலேயே எழுதும்வரைதான் அந்த உறுதி. வெளியே ஒரு டேட்டாபேஸில் எழுதினாலோ, எஸ்எம்எஸ் அனுப்பினாலோ, பில் பிரிண்ட் போட்டாலோ அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்.

ஆகவே வாங்குகிற பக்கத்தைத் திருத்துங்கள். ஒவ்வொரு மெசேஜுக்கும் மாறாத எண் ஒன்று வேண்டும். எங்கள் இடத்தில் பெட்டி எண், கேட் இன்னா அவுட்டா, நடந்த நேரம் மூன்றையும் சேர்த்து ஓர் எண்ணாக்கினோம். பில் நிரல் அந்த எண்ணைத் தனி டேபிளில் எழுதும். ஏற்கெனவே அங்கே இருந்தால் "வாங்கிக்கொண்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறெதுவும் செய்யாது. எண் எழுதுவதும் பில் எழுதுவதும் ஒரே டிரான்சாக்ஷனில் இருக்கவேண்டும், ஒன்று நடந்து இன்னொன்று விட்டுப்போகக் கூடாது. முடிந்தால் மெசேஜையே "இருப்பில் ஒன்று கூட்டு" என்று எழுதாமல் "இந்தப் பெட்டி இப்போது யார்டில் இருக்கிறது" என்று எழுதுங்கள். இரண்டாவது வாசகத்தைப் பத்துத் தடவை கேட்டாலும் கெடுதல் இல்லை.

இதற்குப் பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. மறுபடி வெள்ளம், மறுபடி இருட்டு. மெசேஜ்கள் அப்போதும் இரண்டு தடவை வந்தன. ஒரு பில்கூட இரட்டிக்கவில்லை.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பில் ஏறிய பிறகு, பதில் அனுப்புமுன், பிளக்கைப் பிடுங்கிக் காட்டுகிறீர்களா?"

மெசேஜ் கியூ மென்பொருளில் ராபிட் எம்கியூ, காஃப்கா, ஐபிஎம் எம்கியூ – எது சிறந்தது?
– ராயபுரம் வாசகர்

மூன்றும் மூன்று வீட்டில் பிறந்தவை. பிறந்த வீட்டைப் பார்த்தால் குணம் புரியும்.

ஐபிஎம் எம்கியூ 1993-ல் எம்கியூ சீரிஸ் என்ற பெயரில் வந்தது. மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரும் மற்ற கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேசவேண்டிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற இடங்களில் வேரூன்றியது. உங்கள் மறுமுனையில் அப்படி ஒரு பெரிய நிறுவனம் இருந்தால் பெரும்பாலும் அவர்களே இதைச் சொல்லிவிடுவார்கள், உங்களுக்குத் தேர்வு இருக்காது. விலை உண்டு. அந்த விலைக்கான கெட்டித்தனமும் உண்டு.

இப்படி ஒரே விற்பனையாளரிடம் கட்டுண்டு கிடப்பது பிடிக்காமல், 2003-ல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓ'ஹாரா என்பவர் எல்லோருக்கும் பொதுவான ஒரு நெறிமுறையைத் தொடங்கினார். அதுதான் ஏஎம்கியூபி. அதைப் பின்பற்றி 2007-ல் வந்தது ராபிட் எம்கியூ. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் நிறுவனத்தில் உருவான எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. திறந்த மூலம், காசு கிடையாது.

காஃப்கா லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்து 2011-ல் திறந்த மூலமாக வெளிவந்தது. அங்கே தேவை வேறு: கோடிக்கணக்கான சம்பவங்களைப் பல பேர் பல வேகத்தில் படிக்கவேண்டும். அதனால் அது குடவரிசை மாதிரி இல்லை, பேரேடு மாதிரி. ராபிட்டில் எடுத்த மெசேஜ் வரிசையை விட்டுப் போய்விடும். காஃப்காவில் எடுத்தாலும் பக்கத்திலேயே இருக்கும், நீங்கள் மாற்றாவிட்டால் ஏழு நாள். நேற்று புதிதாகச் சேர்ந்த நிரல்கூட ஏழு நாள் பக்கத்தைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.

ஒரு கிடங்கு, ஒரு பில் அலுவலகம், ஒரு வெப்சைட் என்ற அளவுக்கு ராபிட் போதும், தாராளமாகப் போதும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் காஃப்காவை வைத்துவிட்டு அல்லாடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேட் அவுட் மெசேஜ் முதலில் வந்து, கேட் இன் பின்னால் வருகிறது. வராத பெட்டி எப்படி வெளியே போகும் என்று நிரல் குழம்புகிறது.
– மாதவரம் வாசகர்

வரிசையிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் சட்டென்று முடித்திருப்பார், இன்னொருவர் தாமதித்திருப்பார். காஃப்கா என்றால் பெட்டி எண்ணையே கீ ஆக (மெசேஜ்களைப் பிரித்துப் போட உதவும் அடையாளம்) கொடுங்கள். ஒரே பெட்டியின் மெசேஜ்கள் ஒரே பார்ட்டிஷனில், அதாவது பேரேட்டின் ஒரே பிரிவில், விழும், அதற்குள்தான் வரிசை மாறாது என்ற உறுதி உண்டு. ராபிட் என்றால் இப்போதைக்கு எடுப்பவர் ஒருவரே இருக்கட்டும். மெசேஜ் வந்த நேரத்தை நம்பாமல், கேட்டில் சம்பவம் நடந்த நேரத்தை மெசேஜுக்குள்ளேயே வைத்து அதைப் பாருங்கள்.

திடீரென்று ஒருநாள் எங்கள் கியூ மொத்தமாக நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கில் தேங்கிவிட்டது. தேடிப் பார்த்தால் ஒரே ஒரு மெசேஜ். பெட்டி எண்ணில் ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் அடித்திருக்கிறார்கள். ஒரு மெசேஜுக்காக எல்லாம் நிற்குமா?
– கொருக்குப்பேட்டை வாசகர்

நிற்கும். எண்ணூர் சாலையில் ஒரு ட்ரெய்லர் அச்சு முறிந்து நின்றால் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போகவேண்டிய வண்டியெல்லாம் பின்னால் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களே. உங்கள் நிரல் அந்த மெசேஜை எடுக்கிறது, முடியாமல் திருப்பி வைக்கிறது, கியூ அதைப் பழைய இடத்திலேயே முன்னால் நிறுத்துகிறது, மறுபடி எடுக்கிறது. விடிய விடிய இதே வேலை.

முறிந்த வண்டியை ஓரம் தள்ளவேண்டும். ஐந்து தடவை முயன்றும் முடியாததைத் தனி வரிசைக்கு அனுப்புங்கள். டெட் லெட்டர் கியூ என்பார்கள். மேலே சொன்ன எல்லா மென்பொருளிலும் இதற்கு வழி உண்டு. காஃப்காவில் மட்டும் பெரும்பாலும் எடுக்கிற நிரலிலேயே நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதோடு நிறுத்திவிடுகிறார்கள் பலர். ஓரம் தள்ளிய வண்டியை யார் பார்ப்பது? ஓரிடத்தில் அந்தத் தனி வரிசையை எட்டு மாதம் யாரும் திறக்கவே இல்லை. உள்ளே இருந்தது முழுக்க பில் போடாத பெட்டிகள். தினம் காலை அதைத் திறந்து பார்க்க ஒருவரை நியமியுங்கள். அவர் புரோகிராமராக இருக்கவேண்டாம். அந்தப் பெட்டியை அன்று பார்த்த கேட் கிளார்க்காக இருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்துவார்.

எண் தவறு கேட்டிலேயே பிடிபட்டிருக்கவேண்டும் என்பது வேறு விஷயம். கன்டெய்னர் எண்ணில் நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஐஎஸ்ஓ 6346 என்ற தரநிலை அது. முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் கடைசி இலக்கம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. பதிகிற திரையில் இந்தக் கணக்கைச் சேர்க்க ஒரு மத்தியானம் போதும். முதல் நாலும் எழுத்துதானா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், பூஜ்யம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இருபத்திரண்டு வருடமாகத் தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவம்) டைப் செய்கிறேன். ஒரே விவரத்தை மூன்று நிரலில் மூன்று தடவை அடிக்கவேண்டும். அவற்றைக் கியூ வைத்து இணைக்கப் போகிறார்களாம். எனக்கு வேலை இருக்குமா மேடம்?
– வண்ணாரப்பேட்டை வாசகி

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நானும் டைப் அடித்து வந்தவள், மறைக்காமல் சொல்கிறேன். மூன்று தடவை அடிக்கிற வேலை போய்விடும். அது போவது உங்கள் மணிக்கட்டுக்கும் நல்லது.

ஆனால் அந்த மூன்று நிரலிலும் ஒரே பெயர் எப்படி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் திரும்பி வரும், எந்த இறக்குமதியாளரின் விலாசம் பழைய விலாசம் என்பதெல்லாம் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. இணைக்க வருகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஒரு நிரலில் "கோ" என்று சுருக்கி இருப்பதும் இன்னொன்றில் "கம்பெனி" என்று முழுதாக இருப்பதும் ஒரே ஆள்தான் என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்? இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். அடிக்கும்போது கையில் தடுக்குகிற ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதுங்கள். அவர்கள் முதல் கூட்டம் போடுகிற அன்று, அழைக்காவிட்டாலும் நோட்டோடு போய் உட்காருங்கள். சோதனை பார்க்கிற வேலையையும், நான் மேலே சொன்ன தனி வரிசையைக் காலையில் திறந்து பார்க்கிற வேலையையும் எனக்குக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

உங்கள் முதலாளி இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: இந்த அம்மாவை அனுப்பிவிட்டு அந்த இணைப்பைச் செய்ய முயன்றீர்களானால், அவருடைய நோட்டில் இருந்திருக்கவேண்டிய ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் தனித்தனியாகப் பணம் கொடுத்துத் தெரிந்துகொள்வீர்கள்.

பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கிளவுட் வாங்கக் காசில்லை, 8 ஜிபி லேப்டாப் ஒன்று இருக்கிறது. இந்தத் துறைக்கு வர வீட்டிலேயே என்ன பழகலாம் அக்கா?
– வியாசர்பாடி மாணவி

அந்த லேப்டாப் தாராளமாகப் போதும் கண்ணா. ராபிட் எம்கியூவை இறக்கிக்கொள். இரண்டே நிரல் எழுது, பைத்தானோ ஜாவாவோ உன் இஷ்டம். ஒன்று, 1 முதல் 10,000 வரை எண்களைக் கியூவில் போடவேண்டும். இன்னொன்று, அவற்றை எடுத்து ஒரு டேபிளில் எழுதவேண்டும். எழுதுகிற நிரல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் மெதுவாகப் போகட்டும், அப்போதுதான் குறுக்கே புகுந்து கெடுக்க உனக்கு நேரம் கிடைக்கும்.

முதலில் தானியங்கி ஒப்புகையோடு (மெசேஜ் கொடுத்த உடனேயே "வாங்கிக்கொண்டேன்" என்று கியூ எடுத்துக்கொள்வது) ஓடவிடு. பாதியில் எடுக்கிற நிரலைக் கொன்றுவிடு. மறுபடி தொடங்கி, டேபிளில் எத்தனை இருக்கிறது என்று எண்ணு. குறையும். எது எது போனது என்று எழுதி வை.

அடுத்து, டேபிளில் எழுதிய பிறகே ஒப்புகை கொடுக்கிற மாதிரி மாற்று. எழுதினதற்கும் ஒப்புகைக்கும் நடுவில் கொல். எண்ணு. இப்போது கூடும்.

பிறகு ராபிட்டையே நிறுத்தித் திரும்பத் தொடங்கு. வரிசையில் இருந்தவை காணாமல் போயிருந்தால், கியூவை நிலைத்ததாகவும் மெசேஜை டிஸ்கில் எழுதுவதாகவும் அறிவிக்கவில்லை என்று அர்த்தம். அனுப்புகிற நிரலும் கியூவின் ஒப்புகையை வாங்கிக்கொண்டுதான் அடுத்த எண்ணுக்குப் போகவேண்டும். இரண்டையும் திருத்து.

கடைசியாக டேபிளில் அந்த எண்ணுக்கு யூனிக் கீ (ஒரே எண் இரண்டு தடவை ஏறாமல் தடுப்பது) போட்டு, ஏற்கெனவே இருந்தால் ஒப்புகை மட்டும் கொடுத்துவிட்டு நகரச் சொல். இப்போது எடுக்கிறதைக் கொல், அனுப்புகிறதைக் கொல், ராபிட்டை நிறுத்து, லேப்டாப்பை ஆஃப் பண்ணு, எந்த வரிசையில் வேண்டுமானாலும். கொல்லப்பட்ட நிரலைத் தொடங்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடி அனுப்பச் சொல்.

எத்தனை தடவை கெடுத்தாலும் டேபிளில் சரியாக 10,000 வருகிற அன்றைக்கு, எங்கெங்கே கெடுத்தாய் என்ற பட்டியலோடு எனக்கு எழுது.